ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை. 2012 ஆகஸ்டில் அப்பா புதிதாக வாங்கிய ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியைத்தான் ஓட்டுகிறேன். 98,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் பின்னால் கல்லை வைத்துக் கட்டிக்கொண்டு திருப்பத்தூர் போனேன். குன்றக்குடி தாண்டியதும் கடகடவென்று சத்தம் வந்தது, இழுவை குறைந்தது, பின்சக்கரம் பிடித்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து கிக்கர் இறங்கியது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆயில் குச்சியில் ஒரு சொட்டு ஒட்டவில்லை. ஆயில் மாற்றி ஏழு மாதம் இருக்கும். மெக்கானிக் "ஃபுல் இன்ஜின் வேலை, 14,000 ஆகும்" என்கிறார். இன்னொருவர் "பேர் மாத்துற வேலையெல்லாம் வேண்டாம், அப்படியே 8,000-க்குக் கொடுத்துருங்க" என்கிறார். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது, ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இதே மாடல், ஓடுகிற நிலையில் காரைக்குடியில் 25,000 சொல்கிறார்கள். சரிசெய்வதா, தள்ளிவிடுவதா?

பதில்:

தம்பி, உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு தொகையுமே இன்ஜினைத் திறக்காமல் சொன்னவை. உள்ளே எல்லாமே போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு மெக்கானிக் 14,000 சொல்கிறார். எல்லாம் போய்விட்டது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதால் மற்றவர் 8,000-க்குக் கேட்கிறார். உள்ளே என்ன போயிருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஸ்பிளெண்டரின் சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருக்கும். அதனால் இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே ஹெட்டையும் (சிலிண்டரின் தலைப்பகுதி) பிளாக்கையும் (சிலிண்டர்) கழற்றிவிடலாம். கூலி 400, 500 ரூபாய்க்கு மேல் போகாது, அரை நாள் வேலை. முதலில் அதைச் செய்யுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. ஆறியதும் கிக்கர் இறங்கியது நல்லது. பிஸ்டன் அலுமினியம், அது ஓடுகிற உருளை வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உங்கள் வண்டியின் போர், அதாவது உருளையின் உள்விட்டம், 50 மி.மீ. அதில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடப்படும் இடைவெளி நூறில் மூன்று, நான்கு பங்கு மில்லிமீட்டர்தான், தலைமுடியின் பருமனில் பாதி. அந்த இடைவெளியில் ஆயில் படலம் இருக்கும் வரை பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆயில் வற்றியதும் உரசிச் சூடேறி, விரிந்து, சுவரைக் கவ்விக்கொள்ளும். ஆறினால் சுருங்கி விட்டுவிடும். உங்கள் வண்டியில் நடந்தது பெரும்பாலும் இதுதான். பிஸ்டன் உருகி ஒட்டியிருந்தாலோ சுழலும் கிராங்க் தண்டோடு பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்திருந்தாலோ அரை மணியில் கிக்கர் இறங்கியிருக்காது.

கெட்டது, நிற்பதற்கு முன்னால் வந்த அந்தக் கடகட. பிஸ்டன் பிடிக்கும்போது பெரிய சத்தம் வராது, இழுவை செத்து வண்டி இறுகி நிற்கும். கடகடவென்று அடித்தது என்றால் கனெக்டிங் ராடின் கீழ்முனை, பட்டறைகளில் பிக் எண்ட் என்பார்களே, அங்கிருக்கும் ரோலர்கள் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கலாம். தளர்ந்த டைமிங் செயின் கவரில் அடித்தாலும் இப்படிச் சத்தம் வரும். செயின் என்றால் சில நூறு ரூபாயோடு போய்விடும். பிக் எண்ட் என்றால் இன்ஜினை இறக்கி, இரண்டாகப் பிளந்து, கிராங்க்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் முடிவு இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் வீட்டு வாசலிலேயே இரண்டு சோதனை செய்துவிடலாம். கிக்கர்மேல் ஏறி மிதிக்க வேண்டாம். ஆயில் இல்லாத இன்ஜினில் ஒவ்வொரு மிதியும் சுவரில் புதுக் கீறல். வெள்ளை எனாமல் தட்டு ஒன்றை அடியில் வைத்து, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி மிச்ச ஆயிலை வடியுங்கள். 900 மில்லி ஊற்றிய இடத்தில் 200 மில்லி வந்தாலே அதிகம். தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளி ஜரிகைத் தூள் போல மினுமினுத்து, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். காந்தத்தில் மசி போல ஒட்டினால் இரும்பு, நாள்பட்ட தேய்மானத்தில் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். ஊசிமுனை போலவோ செதில் போலவோ கையில் நெருடும் இரும்புத் துண்டு இருந்தால் பேரிங்கோ பல்சக்கரமோ போயிருக்கிறது. அடுத்தது ஸ்பார்க் பிளக். கழற்றிப் பாருங்கள். பீங்கான்மேல் பொடிப்பொடியாகச் சாம்பல் நிற உலோகப் புள்ளிகள் இருந்தால் பிஸ்டன் தலை உருகத் தொடங்கியிருக்கிறது.

மெக்கானிக் ஹெட்டைக் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். "எனக்கு ஒவ்வொண்ணையும் காட்டிட்டுப் பேசுங்கண்ணே" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிஸ்டன் தலையைத் துடைத்தால் அதில் 25, 50, 75, 100 என்று ஏதாவது ஒரு எண் பொறித்திருக்கிறதா என்று தெரியும். எண் இல்லையென்றால் இன்னும் கம்பெனி அளவுதான். 25 என்றால் ஒருமுறை போர் அடித்து, அதாவது உருளையை உள்ளே கடைந்து, கால் மி.மீ. பெரிதாக்கியிருக்கிறார்கள். 98,000 கி.மீ. வண்டியில் உங்கள் அப்பா காலத்திலேயே ஒரு போர் விழுந்திருக்கலாம். 100 என்றிருந்தால் இனி அந்த பிளாக்கில் போர் போட இடமில்லை, புது பிளாக்கோ ஸ்லீவோ (பிளாக்குக்குள் புதிதாக இறக்கும் குழாய்) தான்.

சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரியும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் போர் அடிக்காமல் தீராது. தடுக்காமல் வழுக்கினால் கோடு மேலோட்டம்தான், அப்போதும் லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து அளந்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிற போர் அளந்தால் நீள்வட்டமாக இருக்கும். அதில் வெறும் ரிங்ஸ் மட்டும் மாற்றினால் மூன்றே மாதத்தில் புகை தள்ளும். "ரிங்ஸ் போட்டாப் போதும், 2,000-ல் முடிச்சிரலாம்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள்.

அடுத்தது கனெக்டிங் ராடு. பிளாக் இறங்கிய பின் ராடு நீட்டிக்கொண்டு நிற்கும். கிராங்க்கைச் சுற்றி, ராடு முழுதாக வெளியே வந்த நிலையில் நிறுத்துங்கள். ராடை இரு கையாலும் பிடித்து, அதன் நீளவாக்கில் இழுத்து, தள்ளிப் பாருங்கள். டொக் என்று ஒரு பொட்டு ஆட்டம்கூட இருக்கக்கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடும், அது இயல்பு, அதைக் காட்டி "ராடு போச்சு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். ராடின் மேல்முனையிலோ கீழ்முனையிலோ நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீலம் என்றால் அந்த இரும்பு சூட்டில் தன் பதத்தை இழந்திருக்கிறது, ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றியாக வேண்டும்.

ஹெட்டையும் விட்டுவிடக்கூடாது. ஆயில் பம்பிலிருந்து கிளம்பும் ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். கால்வாயில் தண்ணீர் குறைந்தால் கடைமடைதானே முதலில் காயும்? வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட்டின் மேடுகளும், அவற்றின்மேல் உரசும் ராக்கர் ஆர்மின் முகமும் கண்ணாடி போல இருக்க வேண்டும். சொரசொரப்போ குழியோ விழுந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

இப்போது பணம். பொருளின் தரத்துக்கும் கடைக்கும் ஏற்ப விலை முன்பின் ஆகும், உதிரிபாகக் கடையில் கேட்டு உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். ராடு நன்றாக இருந்தால் அது ஹாஃப் இன்ஜின் வேலை. போர் அடிக்க 400 முதல் 600, பிஸ்டன், ரிங்ஸ், பின் சேர்ந்த செட் 800 முதல் 1,300, கேஸ்கெட்டும் வால்வு சீலும் 350 முதல் 500, வால்வைத் தேய்த்துப் பொருத்த 300 முதல் 500, டைமிங் செயினும் அதன் ரோலர்களும் 500 முதல் 800, ஆயில் இரண்டு முறைக்கு 800, கூலி 1,200 முதல் 1,800. கூட்டினால் 4,350-க்கும் 6,300-க்கும் நடுவில் நிற்கும். ராடும் போயிருந்தால் இதோடு ராடு கிட், அதை பிரெஸ் செய்து கிராங்க்கை நேர் பார்க்கும் லேத் கூலி, கிராங்க் பேரிங் இரண்டு, ஆயில் சீல்கள், இன்ஜின் இறக்கி ஏற்றும் கூடுதல் கூலி எல்லாம் சேர்ந்து இன்னொரு 4,500 முதல் 6,000. கேமும் ராக்கரும் சேர்ந்தால்தான் 14,000-ஐ எட்டும். ஆக, உங்களிடம் சொன்னது பொய்த் தொகை இல்லை, ஆனால் ஆக மோசமான நிலைக்கான தொகை.

இதை நம் ஊர் வழக்கப்படி ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். முதலில் அந்த 25,000-ஐ நம்பாதீர்கள். அது கேட்கிற விலை, கைக்கு வருகிற விலை அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான புது பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி தானாக இறங்கும். உங்கள் ஆர்சி 2027 ஆகஸ்டில் 15 வருடத்தை முடிக்கிறது, வாங்குபவர் அதையும் சொல்லிக் குறைப்பார். 20,000 என்று வைப்போம். ஹாஃப் இன்ஜினோடு முடிந்தால் 20,000-ல் 6,000 போக 14,000 நிற்கும், எதிரே 8,000. சரிசெய்துவிட்டு விற்றாலும் லாபம், ஓட்டினாலும் லாபம். கேமும் சேர்ந்து 14,000 ஆனால் மிஞ்சுவது 6,000. விற்பதற்காகவே சரிசெய்வதென்றால் அது நட்டம், பழுதோடு கொடுப்பதே மேல். நடுவில் 11,000, 12,000 வந்தால் விற்பவனுக்கு இரண்டும் ஒன்று.

ஆனால் நீங்கள் விற்க வந்தவர் இல்லை, வேலைக்குப் போக வண்டி வேண்டியவர். 8,000-ஐ வாங்கிக்கொண்டு மறுநாள் என்ன செய்வீர்கள்? இன்னொரு 12,000 சேர்த்து வேறொரு பழைய வண்டி வாங்குவீர்கள். அதன் பிஸ்டன் தலையில் என்ன எண் இருக்கிறது, அதன் ராடு ஆடுகிறதா என்று உங்களுக்குத் தெரியாது. புது ராடு, புது பேரிங், புது பிஸ்டனோடு 12,000-ல் உங்கள் வண்டி கிடைக்கிறதென்றால், 20,000-க்கு வாங்கும் தெரியாத வண்டியைவிட அது எனக்கு மேலானதாகவே படுகிறது. ஒரே நிபந்தனை, இன்ஜின் தவிர மற்ற உடம்பு நன்றாக இருக்க வேண்டும். சேசிஸில், குறிப்பாக ஹேண்டில்பார் கழுத்துப் பக்கமும் சென்டர் ஸ்டாண்டு பிடித்திருக்கும் இடத்திலும், வெல்டிங் போட்ட தழும்போ அரித்த துருவோ இருக்கிறதா பாருங்கள். சேசிஸ் எண் படிக்கத் தெளிவாக இருக்க வேண்டும், மறுபதிவுக்கு அது தேவை. டயர் இரண்டு, செயின் ஸ்பிராக்கெட், ஃபோர்க் சீல் எல்லாமே மாற்றும் நிலை என்றால் இன்னும் 5,000, 6,000 கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபுல் இன்ஜினும் இதுவும் சேர்ந்து 18,000-ஐத் தாண்டினால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுவதே சரி.

எந்தப் பக்கம் போனாலும் ஆர்சி வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். எனக்கு உங்கள் இன்ஜினைவிட இதில்தான் கவலை அதிகம். வண்டி உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் மூன்று மாதம் வரை அந்தப் பதிவிலேயே ஓட்டலாம், அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. தாமதக் கட்டணத்தோடு இப்போதும் மாற்றலாம். படிவம் 31, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் இருந்தால் அவர்கள் ஆட்சேபம் இல்லை என்று தரும் உறுதிமொழி, ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று. வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லையென்றால் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பம் போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் நகரும்.

"பேர் மாத்த வேண்டாம்" என்கிற ஆளுக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். கைமாறிப் போன வண்டி எங்காவது ஒருவரை இடித்துவிட்டால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா பெயருக்கு வரும் நோட்டீஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். முறையாக விற்பதென்றால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றி, பிறகு படிவம் 29, 30-ல் கையெழுத்திட்டு, 14 நாளுக்குள் விற்றதை அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஒப்புகையை எடுத்து வையுங்கள்.

பிரித்து விற்கும் வழியும் உண்டு. நம் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போது நிலை, கதவு, தூண், உத்திரம் என்று தனித்தனியாக விலை பேசுவார்களே, அதுபோல டேங்க், சக்கரங்கள், ஃபோர்க், கார்புரேட்டர், கியர் செட் என்று பிரித்தால் 8,000-க்கு மேலேயே வரலாம். ஆனால் இனி ஓடாது என்று பிரித்த வண்டியின் பதிவை மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி ரத்து செய்தாக வேண்டும். சேசிஸ் எண் உள்ள ஃபிரேமை, பதிவு ரத்து ஆகும் முன் யாரிடமும் கொடுக்காதீர்கள். வேறு வண்டியில் உங்கள் எண் ஓடும்.

சரிசெய்வது என்று முடிவானால், வேலை கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். வலப்பக்கக் கவருக்குள் கிராங்க் முனையில் ஆயிலைச் சுழற்றி வடிகட்டும் கிண்ணம் ஒன்றும், அடியில் ஒரு வலையும் இருக்கும். இப்போது அவற்றில் பிஸ்டனின் அலுமினியத் தூள் நிறைந்திருக்கும். அவற்றைக் கழுவாமல், ஆயில் பம்பைத் திறந்து பார்க்காமல், ஆயில் வழிகளில் காற்றடிக்காமல் மூடினால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும். இரண்டாவது, கேஸ்கெட்டுக்கு மேல் பசையை அள்ளி அப்புவது. பிதுங்கி உள்ளே விழும் பசைத் துண்டு ஹெட்டுக்குப் போகும் ஆயில் வழியை அடைத்துவிடும். மூன்றாவது லேத். போர் அடிக்கும் முன்பே பிஸ்டனை வாங்கி லேத் பட்டறையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து போர் அடிக்கச் சொல்லுங்கள். ராடு மாற்றினால் கிராங்க்கை டயல் கேஜ் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து நேர் என்று சொல்வதை ஏற்காதீர்கள், கிராங்க் கோணினால் அதிர்வில் புது பேரிங் சில மாதத்தில் ஊளையிடும்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் 500 கி.மீ. கல் ஏற்றாதீர்கள். 45-ஐத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்திலும் போகாதீர்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். 500 ஆனதும் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள், பிறகு நீங்கள் ஏற்றுகிற பாரத்துக்கு 2,500 கி.மீ.க்கு ஒருமுறை. 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். மிச்சம் இருக்கிறதென்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

இந்த வண்டியில் ஆயில் குறைந்தால் எச்சரிக்க விளக்கு கிடையாது, குச்சிதான் எல்லாம். சனிக்கிழமை தோறும் காலையில் வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுங்கள். திருகினால் குச்சி ஆழமாகப் போய், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். கீழ்க்கோட்டைத் தொட்டால் அன்றைக்கே 100 மில்லி ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.